கைம்மாறு கருதி

ஏப்ரல் 4

நகர்மன்றச் சட்ட ஆலோசகர் அவர்களுக்கு,

சம்பந்தி என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன் செய்தால் உங்கள் உதவியாளர் எடுத்து, "சார் இந்த விஷயமா உங்ககிட்ட போன்ல பேச முடியாதாம்மா, எழுத்துல குடுத்துடுங்க" என்கிறார். என் மகளை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தபோது நான் எழுத்தில் எதையும் கேட்கவில்லை. போகட்டும், எழுதுகிறேன்.

நேற்று மன்றத்திலிருந்து தபால் வந்தது. எங்கள் பாட்டுக் குழுவுக்கு வருடா வருடம் தந்த மானியம் இனிக் கிடையாது, சட்டத்தில் இடமில்லை என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. கல்யாணப் பத்திரிகையின் உறைகளில் விலாசம் எழுதிய அதே அழகான கை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுத்தில் கேட்டதால் எழுத்திலேயே சொல்கிறேன். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள் வாரம் இருமுறை நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் கூடிப் பாடுகிறோம். பேச வராத வாய்க்குப் பாட வரும். அது ஏன் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நான் வார்டு நர்ஸாகக் காலம் தள்ளியவள், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஸ்டாப் பெயர் சொன்னவர். இன்று என் பெயர் அவர் வாயில் வராது. ஆனால் "தண்ணி கொஞ்சம் வேணும், சூடா வேணும்" என்று நாங்களே மெட்டுப் போட்ட வரியைப் பாடிக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

மானியம் இல்லாவிட்டால் ஜூலையில் ஹாலைக் காலி செய்ய வேண்டும். வீட்டிலேயே பாட வைக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் தனியாகப் பாடினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் பாடும் லட்சணத்துக்கு அது நியாயம்தான். நாலு பேர் சேர்ந்து பாடினால்தான் அவருக்கு வாய் திறக்கும். ஹால் போனால் அவருக்கு இருக்கிற கொஞ்சம் பேச்சும் போய்விடும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
பாட்டுக் குழுவின் செயலாளர்
(உங்கள் மருமகளின் அம்மாவும்கூட)

-

ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதம் இரண்டு தாள். முதல் தாளின் நகல் ஃபைலில் இருக்கும். இரண்டாவது தாள் உங்களுக்கு மட்டும்.

நாம் உறவு என்பது ஊரறிந்த விஷயம். "சம்பந்திங்க ரெண்டு பேரும் போன்லயே பேசி முடிச்சுக்கிட்டாங்க" என்று நாளை ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் எழுத்து. உறவு என்பதை மன்றத்துக்கு முதலிலேயே எழுதிக் கொடுத்தேன். என் கருத்தை வெளியூர் வக்கீல் ஒருவருக்கும் அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னேன். அவரும் அதையே சொன்ன பிறகுதான் கையெழுத்திட்டேன். மற்ற அமைப்புகளுக்குச் சொல்லாததை உங்களுக்கு மட்டும் முன்னால் சொல்வது முறையாகாது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். மன்றத்தின் பணம் ஊரார் கட்டிய வரி. அதை எந்த அமைப்புக்கும் இனாமாகத் தர மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அமைப்பு எவ்வளவு நல்லது என்பது கேள்வியே இல்லை. பணம் வெளியே போனால், ஈடாக ஊருக்கு ஏதாவது உள்ளே வர வேண்டும். என்ன வரும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மானியத்துக்கு அப்படி ஒரு எழுத்தும் இல்லை என்றார் இந்த வருடம் மன்றத்தின் கணக்கைப் பார்க்க வந்த ஆடிட்டர். ஏதாவது இருக்கும் என்று நானும் ஃபைலைத் துழாவினேன். கிடைத்தது நீங்கள் வருடந்தோறும் அனுப்பிய நன்றிக் கடிதங்கள். ஆடிட்டர் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார். "கைம்மாறு கருதாமல் தாங்கள் அளித்த கொடை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், இனாம்னா என்னன்னு சட்டப் புத்தகத்துலகூட இவ்வளவு தெளிவா எழுதல" என்றார். எல்லா வருடமும் அதே வரி.

(இரண்டாவது தாள்)

சம்பந்தி எப்படி இருக்கிறார்? மன்றத்தின் தபால் உங்கள் கைக்கு வந்த அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு வந்தேன். தபால் சேர்ந்துவிட்ட பிறகு நேரில் சொல்வதில் தவறில்லை, அதுதான் மரியாதை என்றும் பட்டது. நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். கதவைத் திறந்த சம்பந்தி என்னைப் பார்த்ததும் "இல்ல, இல்ல" என்று கையை ஆட்டினார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. வாசலோடு திரும்பிவிட்டேன்.

-

ஏப்ரல் 15

சம்பந்திக்கு,

உங்களைப் போல் இரண்டு தாளில் எழுத எனக்கு வராது. மனசு ஒன்று, தாளும் ஒன்று. ஃபைலுக்கு எது, வீட்டுக்கு எது என்று நீங்களே கத்தரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். அவர் உங்களை விரட்டவில்லை. தானாக அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். காபி வேண்டுமா என்றால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே டம்ளரை நீட்டுவார். மகள் வீடியோவில் வந்தால் "இல்ல, இல்ல" என்று முகமெல்லாம் சிரிப்பார். நீங்கள் வரும்போதெல்லாம் பேச்சு முழுக்க என்னுடையது, அவர் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. அன்று கையை ஆட்டியது உள்ளே வரச் சொல்லி.

நீங்கள் வந்தது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அன்று நான் வீடு திரும்பியபோது நல்ல நாற்காலி கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தது. யாருக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. "நடக்கற வழியில ஏன் போட்டீங்க?" என்று எரிந்து விழுந்துவிட்டு, நான்தான் அதை ஓரமாகத் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போது புரிகிறது.

இனி உங்கள் ஆடிட்டர் விஷயம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். நன்றியை நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதிய வரி அது. ஒவ்வொரு வருடமும் எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன். அதையே எடுத்து என் தலையில் போட்டிருக்கிறார். "பணம் வந்து சேர்ந்தது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் தப்பித்திருப்போம் போலிருக்கிறது.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊர்ப் பணம் ஊர் ஜனத்துக்குத்தானே? பேச்சு வராதவர்கள் ஊர் ஜனம் இல்லையா? அவர்களும்தான் வரி கட்டுகிறார்கள்.

-

ஏப்ரல் 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

முன்பு இருந்த தலைவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மச்சான் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்தினார். வருடா வருடம் மன்றப் பணம் அதற்குப் போனது. "எளைஞர்களுக்கு நல்லதுதானேய்யா" என்பார் தலைவர். நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கழகத்தில் ஒரு பந்துகூட உருளவில்லை. மைதானத்தில் மச்சானின் லாரிகள் நின்றன. என்ன செய்வோம் என்று அவரும் எழுதித் தரவில்லை, மன்றமும் கேட்கவில்லை. அந்தப் பணத்தை நிறுத்தியது இதே சட்டம்தான். மச்சானுக்கு நிமிர்ந்து நின்ற சட்டம் சம்பந்திக்கு மட்டும் குனிய முடியாது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். பாட்டு உங்களுக்கு எவ்வளவு நல்லது என்று எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். உங்கள் குழுவால் இந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது? மன்றம் தானே செய்ய வேண்டிய வேலை ஏதாவது உங்கள் கையால் நடக்கிறதா? கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள்.

(இரண்டாவது தாள்)

அந்த நாற்காலி விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. என் மனைவி, "எத்தனை தடவ அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்க, அவர்கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

-

மே 1

சம்பந்திக்கு,

கோபம் தணியவில்லை. தணிகிற வரை காத்திருந்தால் ஜூலை வந்துவிடும்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறீர்கள். பாட்டு கிடைக்கிறது. அதற்கு எந்தக் கவுண்டரில் ரசீது போடுவார்கள்? கவுண்டர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் மன்றத்தின் லட்சணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் பிடிவாதமாகத் தனியாகத் தண்ணீர் வரி கட்டப் போனார். கவுண்டரில் இருந்த பெண், "வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றாள். "இல்ல" என்றார். "நம்பர் இல்லாம எப்படிங்க கட்டுவீங்க?" "இல்ல." காது கேட்காதவர் என்று நினைத்து அவள் கத்த ஆரம்பித்தாள். "வீடு இருக்கா, இல்லயா?" "இல்ல." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கட்ட வேண்டிய பணத்தைக் கையில் கசக்கிப் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தார். அன்று ஹாலுக்குக்கூட வர மாட்டேன் என்றுவிட்டார்.

மறுநாள் சண்டை போடத்தான் போனேன். அந்தப் பெண் நல்லவளாகப் போய்விட்டாள். "எனக்கு யாரும் சொல்லித் தரலம்மா" என்றாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். கத்தாதே, காது நன்றாகக் கேட்கும். ஆமாவா இல்லையா என்று வாயால் கேட்காதே, இரண்டு அட்டையில் எழுதிக் காட்டு, விரலை வைப்பார். பேனாவைக் கொடுத்துப் பார். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் காத்திரு. எங்கள் குழுவிலிருந்து நாலு பேரை அழைத்துப் போய் அவளிடம் பழக விட்டேன். இப்போது அந்த ஒரு கவுண்டரில் எங்கள் ஆட்கள் யார் துணையும் இல்லாமல் வரி கட்டுகிறார்கள். மற்ற கவுண்டர்களில் இன்னும் கத்துகிறார்கள். இதெல்லாம் உங்கள் கட்டடத்தில்தான், மாடிப்படிக்குக் கீழே நடக்கிறது. நீங்கள் லிஃப்டில் போகிறவர்.

மற்றபடி எங்களால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

-

மே 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிப் போனேன். தண்ணீர் வரிக் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு பெரியவர் வந்தார். அந்தப் பெண் அட்டையைக் காட்டினாள், காத்திருந்தாள், அவர் விரலை வைத்தார், வேலை முடிந்தது. அடுத்த கவுண்டரில் இன்னொருவரை, "கூட யாரும் வரலயா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ஊருக்கு நீங்கள் தருவதைக் கோபத்தில் எழுதிவிட்டு, ஒன்றும் தரவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். தன் கவுண்டருக்கு வரும் எல்லாருக்கும் வேலை செய்து கொடுப்பது மன்றத்தின் கடமை. அந்தக் கடமையைச் செய்யத் தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம். பேச்சுப் போனவர்கள் மறுபடி பேசப் பழகுவதற்கு ஓர் இடமும் நேரமும் ஏற்பாடு செய்வதும் மன்றம் செய்யக்கூடிய வேலைதான். இவற்றுக்குத் தருவது இனாம் ஆகாது.

ஆனால் உங்களுக்கென்று ஒதுக்க முடியாது. இப்படி ஒரு சேவை தேவை என்று மன்றம் விளம்பரம் செய்யும். யார் வேண்டுமானாலும் கொட்டேஷன் தரலாம். தேர்வுக் குழுவில் நான் இருக்க மாட்டேன். முடிவு வரும்வரை தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இரண்டாவது தாள் இம்முறை இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் முதல் தாளிலேயே வந்துவிட்டது.

-

ஜூன் 12

சம்பந்திக்கு,

முடிவு வந்துவிட்டது, இனி உறையைப் பிரிக்கலாம். எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நடுவில் நடந்த கூத்தைக் கேளுங்கள். கொட்டேஷனில் கட்டணம் என்று ஒரு இடம் இருந்தது. ஊரார் பணத்துக்கு நாம் எப்படி விலை சொல்வது என்று கூச்சமாக இருந்தது. "தாங்கள் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். ஆபீஸில் அப்படியே திருப்பி அனுப்பி, தொகையை எழுதினால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். மறுபடி நானே வினையைத் தேடிக்கொள்ளப் பார்த்தேன். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து, வாடகை, பஸ் செலவு, நாங்கள் சொல்லிக் கொடுக்கப் போகும் நேரம் எல்லாம் போட்டு ஒரு தொகை எழுதினோம். எழுதிய பிறகு கூச்சம் போய்விட்டது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரிகூட இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் நாலாவது விதி, ஊரில் குடியிருக்கும் யார் கேட்டாலும் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதில் ஒரே ஒருவரைத் தவிர என்று சேர்க்க வேண்டும்.

பழைய தலைவருக்கும் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது உங்களுக்குத் தெரியும். போன வருடம் அவர் மனைவி ஹாலுக்கு வந்து, "இவரையும் சேத்துக்குங்கம்மா" என்று கேட்டார். இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். என் பின்னால் காலி நாற்காலிகள் இருந்தன. அந்த அம்மாவும் அவற்றைப் பார்த்தார்.

நாங்கள் குழு தொடங்கிய புதிதில், பாட ஓர் இடம் வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் கேட்கப் போனோம். அவர்தான் அப்போது தலைவர். "பேச்சே வராதவங்களுக்குப் பாட்டுக் கச்சேரியா?" என்று மைக்கில் கேட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. இடமும் மானியமும் அவர் பதவி போன பிறகுதான் கிடைத்தன. என் வீட்டுக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த ஆளைக் கொண்டுவந்து இவர் பக்கத்தில் உட்கார வைக்க என்னால் முடியாது. அந்த விதியைத் திருத்தாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவது சந்தேகம்.

-

ஜூன் 16

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நாலாவது விதியில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. உங்களுக்கு வேண்டியவர்கள் மட்டும் என்றால் அது உங்கள் வீட்டு விஷயம், வீட்டுக்கு ஊர்ப் பணம் வராது. அந்த மச்சானின் கழகத்தில் அவருக்கு வேண்டியவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அதற்கும் உங்கள் குழுவுக்கும் வித்தியாசம் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால், நான் காட்டப் போவது அந்த விதியைத்தான். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் உரிமை. மாதக் கடைசி வரை மன்றம் காத்திருக்கும்.

(இரண்டாவது தாள்)

உங்கள் கோபத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று கூட்டம் சிரித்தது சம்பந்தியைப் பார்த்து. அவரிடம் கேட்டீர்களா?

-

ஜூலை 20

நகர்மன்றச் சட்ட ஆலோசகர் அவர்களுக்கு,

ஒப்பந்தப்படி முதல் மாத வேலை முடிந்தது. எல்லாக் கவுண்டர்களிலும் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. பிறப்புச் சான்றிதழ்க் கவுண்டரில் இருப்பவர் மட்டும் இன்னும் கத்துகிறார், அவருக்கு மறு வகுப்பு உண்டு. பாட்டு வகுப்பு வாரம் இருமுறை நடக்கிறது. யாரையும் மறுக்கவில்லை. பில் இத்துடன் இருக்கிறது. அதில் நன்றி என்ற சொல் எங்கும் இல்லை, ஆடிட்டர் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கைம்மாறு கருதியே வேலை செய்திருக்கிறோம்.

குழுவின் செயலாளர்

(இரண்டாவது தாள்)

சம்பந்திக்கு,

நானும் இரண்டாவது தாளுக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.

உங்கள் கேள்வி என்னைக் குத்திவிட்டது. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "இல்ல" என்றுதான் வரும் என்று, எதையும் கேட்பதையே எப்போதோ விட்டிருக்கிறேன். கவுண்டர் பெண்ணுக்கு அட்டை எழுதிக் கொடுத்த எனக்கு வீட்டில் ஒரு அட்டை எழுதத் தோன்றவில்லை.

அன்று இரண்டு அட்டை எழுதினேன். ஒன்றில் "வரட்டும்", இன்னொன்றில் "வேண்டாம்". பழைய தலைவர் விஷயத்தை எல்லாம் சொல்லிவிட்டு, மேஜையில் வைத்துக் காத்திருந்தேன். நேரமாகும் என்று நினைத்தேன். சட்டென்று "வரட்டும்" மேல் விரலை வைத்துவிட்டு, "இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாளும் என் கோபத்தைத்தான் அவருடைய கோபம் என்று சுமந்துகொண்டிருந்தேன். அழுதேன், பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நானே போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை தலைவரை அழைத்து வந்தார். மைக்கை விடாத மனுஷன், ஹால் வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். என் வீட்டுக்காரர் எழுந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வாசலைப் பார்த்துக் கையை ஆட்டி "இல்ல, இல்ல" என்றார். உங்களைப் போல் அவரும் திரும்பிவிடுவாரே என்று, அர்த்தம் சொல்ல ஓடினேன். தேவைப்படவில்லை. அவர் நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

தண்ணீர்ப் பாட்டு பாடினோம். முதல் தடவை தலைவர் உதட்டை மட்டும் அசைத்தார். மூன்றாவது தடவை எல்லாரும் முடித்த பிறகு, தாளத்துக்குப் பிந்தி, "சூடா வேணும்" என்று ஹால் அதிரப் பாடினார். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்த் தண்ணீர் சுட வைத்தேன். கேட்டவருக்குக் கொடுக்க வேண்டுமே.

அடுத்த மாதம் நீங்களும் ஆடிட்டரும் சேர்ந்து மேற்பார்வைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். எந்த வேலையும் இல்லை, எழுத்தில் எதுவும் வேண்டாம். நான் கடைக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. அவர் கதவைத் திறந்து "இல்ல" என்பார். நீங்கள் உள்ளே வந்து உட்காருங்கள். நாற்காலி கதவுக்கு எதிரேதான் கிடக்கிறது, நான் அதைத் தள்ளவில்லை.